மொழி கற்கச் சென்றவர்களும் செலவை ஏற்றவர்களும்



நம் உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், கடப்பாக்கத்தை அடுத்துக் கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் அது துறைமுகமாகவும் நாணயம் அச்சிடும் இடமாகவும் விளங்கிற்று. 1750-இல் முஸஃப்பர் ஜங் அதனைப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு அளித்தார். பத்தே ஆண்டுகளில், 1760-இல், ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினர். இவ்வளவும் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் செய்திகளே. அத்துறையில் கப்பல் ஏற்றியவர் யார், நம்மவர்களில் எவரெவர் அங்கே வணிகம் செய்தனர், உப்பு எவ்வழியே எங்கே சென்றது என்று கேட்டால் விடை கூற ஊரில் ஆள் இல்லை.

விடை இல்லாமல் இல்லை. அது வேறு வேறு மொழிகளில் கிடக்கிறது. புதுச்சேரி ஆளுநர்களின் கடிதங்கள் பிரெஞ்சில் உள்ளன. நவாப் வாலாஜாவின் வரலாறான 'துஸுகே வாலாஜாஹி' பார்ஸியில் எழுதப்பட்டது. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட ஆங்கிலக் கும்பினியின் ஏடுகள் ஆங்கிலத்தில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சதுரங்கப்பட்டினம், பரங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம் ஆகிய துறைகளில் பண்டசாலை வைத்திருந்த ஒல்லாந்தரின் ஆவணங்கள் டச்சு மொழியில் ஹேக் நகரத்துக் காப்பகத்தில் உள்ளன. தமிழில் இருப்பது பெரும்பாலும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஒன்றே. அவர் துய்ப்ளேயின் துபாஷி. 1736 முதல் 1761 வரை எழுதினார். அவர் கண்ணுக்குப் பட்டதை அவர் எழுதினார். பரங்கிப்பேட்டை மரக்காயர் கண்ணுக்குப் பட்டது எதுவென்று அறிய, மற்ற நான்கு மொழிகளில் ஒன்றையேனும் கற்றாக வேண்டும்.

ஒரு மொழியைப் பேசக் கற்பது வேறு. முந்நூறு ஆண்டுக்கு முந்திய கையெழுத்தில் அதனைப் படிக்கக் கற்பது வேறு. பின்னதற்குச் சில ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளில் கற்பவன் சம்பாதிக்க இயலாது. அவன் சோற்றுக்கு யார் பொறுப்பு என்பதே கல்வி வரலாற்றில் பெரிய கேள்வி. முற்காலத்தில் வக்ஃபு சொத்துகள் அதற்குப் பொறுப்பேற்றன. மதரஸாக்களில் இன்றும் ஓதும் பிள்ளைகளுக்கு உணவும் இருப்பிடமும் தரப்படுவது அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான். கடல் கடந்து சென்றவர்களின் செலவை ஏற்றவர்கள் யார் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய அரசாங்கம், அரபு கற்ற பட்டதாரிகளை ஐரோப்பாவுக்கு அனுப்ப உதவித்தொகை வழங்கிற்று. அவ்வாறு 1912-இல் ஜெர்மனிக்குச் சென்றவர் அப்துஸ் ஸத்தார் ஸித்தீக்கீ. பேராசிரியர் லிட்மானிடம் கற்றுக்கொண்டிருக்கும்போதே முதல் உலகப் போர் மூண்டது. பகை நாட்டுக் குடிமகனாக அங்கேயே சிக்கிக்கொண்டார். எனினும் படிப்பை விடவில்லை. பழைய அரபு மொழியில் கலந்த பார்ஸிச் சொற்களைக் குறித்த அவருடைய ஆய்வு 1919-இல் கோட்டிங்கனில் வெளியாயிற்று. திரும்பி வந்து அலகாபாத் பல்கலைக்கழகத்தில் அரபுத் துறையை நடத்தினார். அவரை அனுப்பிய அரசுக்கு அதனால் என்ன பயன் என்று அந்நாளில் சிலர் கேட்டிருக்கக்கூடும். உதவி செய்தவர் கருதிய பயன் ஒன்றாகவும் விளைந்த பயன் வேறாகவும் இருப்பது இத்துறையில் அடிக்கடி காணப்படும் செய்தி.

நம் மாகாணத்திலோ வணிகர்கள் முன்வந்தனர். தோல் வணிகத்தில் பொருளீட்டிய வள்ளல் ஜமால் முஹம்மது சாஹிப் அவர்களின் பெயரை அறியாதார் இலர். திருச்சியில் 1951-இல் தோன்றிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய ஆதரவில் சென்னையில் இஸ்லாமியச் சொற்பொழிவுகள் நடந்தன. 1925-இல் ஸையித் சுலைமான் நத்வீ அவர்களின் சீரத் உரைகளும், 1927-இல் மர்மட்யூக் பிக்தால் அவர்களின் உரைகளும், 1929-இல் அல்லாமா இக்பால் அவர்களின் உரைகளும் அவ்வரிசையில் வந்தவை. இம்மூன்றும் பின்னர் நூல்களாயின, இன்றும் படிக்கப்படுகின்றன.

இம்மூவரில் பிக்தாலின் செய்தி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அவர் இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர். ஹைதராபாத்தில் பள்ளித் தலைமையாசிரியராகவும், 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழின் ஆசிரியராகவும் பணியாற்றியவர். குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க விரும்பினார். ஹைதராபாத் நிஜாம் 1928-இல் அவருக்கு முழுச் சம்பளத்துடன் இரண்டு ஆண்டுகள் விடுப்பளித்தார். அவர் எகிப்துக்குச் சென்று, அல்-அஸ்ஹர் ஆலிம்களிடம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டு திரும்பினார். 1930-இல் மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. நிஜாம் அளித்தது என்ன? நூலை எழுதித் தரவில்லை; அரபு கற்பிக்கவில்லை. இரண்டு ஆண்டுக் காலத்தை விலைக்கு வாங்கிக் கொடுத்தார். மொழிக் கல்விக்கான உதவி என்பது எக்காலத்திலும் இதுதான்.

உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக வெளிநாடு சென்றவர் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (ரஹ்) அவர்கள். 1908-இல் ஹைதராபாத்தில் பிறந்தாலும், அவருடைய முன்னோர் ஆர்க்காட்டிலும் சென்னையிலும் வாழ்ந்த நவாயித் அறிஞர்கள். சென்னையின் காஜி பத்ருத்தவ்லா அக்குடும்பத்தவரே. ஆகவே அவரை நம் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. 1933-இல் ஜெர்மனியின் பான் நகரிலும், 1935-இல் பாரிஸிலும் முனைவர் பட்டங்கள் பெற்றார். ஜெர்மனும் பிரெஞ்சும் கற்றதன் பயன் பின்னால் தெரிந்தது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் தொகுத்த ஹதீஸ் ஏட்டின் கையெழுத்துப் பிரதிகள், ஒன்று பெர்லினிலும் மற்றொன்று டமாஸ்கஸிலும் இருந்தன. இரண்டையும் ஒப்புநோக்கி 1953-இல் அவர் பதிப்பித்தார். அதில் உள்ளவை 138 ஹதீஸ்கள். ஹதீஸ்கள் இருநூறு ஆண்டுகள் கழித்தே எழுத்தில் வந்தன என்று ஐரோப்பியர் சிலர் கூறிவந்ததற்கு அச்சிறு ஏடு தக்க பதிலாயிற்று. அதன் பிறகு 1959-இல் குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். 2002-இல் வஃபாத்தானார்.

நம் மதரஸாப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் கர்நூல் டாக்டர் அப்துல் ஹக் அவர்கள். அவர் பெயருக்குப் பின்னால் ஆக்ஸ்போர்டு முனைவர் பட்டமும் 'அஃப்ஸலுல் உலமா' என்ற பட்டமும் சேர்ந்தே எழுதப்பட்டு வந்தன. பின்னது அரபுக் கல்வி கற்றோருக்காகச் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய தேர்வின் பட்டம். எகிப்தியக் கவிஞர் இப்னு ஸனாஉல் முல்கின் கவிதைத் தொகுப்பை அவர் செப்பனிட்டுப் பதிப்பித்தது 1958-இல் ஹைதராபாத்தில் வெளியாயிற்று. 1947-இல் கர்நூலில் உஸ்மானியாக் கல்லூரியைத் தொடங்கியவரும் அவரே. மதரஸாப் பாடத்துக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கும் இடையே அஃப்ஸலுல் உலமா ஒரு பாலமாக இருந்தது. இதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி நம் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையின் வணிகர்களைப் பற்றி விரிவாக எழுதியவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். இலண்டனில் ஆய்வு செய்தவர். டச்சு ஆவணங்களைப் படித்தே எழுதினார். 1650 முதல் 1740 வரை இக்கரையில் நடந்த வணிகத்தைக் குறித்த அவருடைய நூல் 1986-இல் வெளியாயிற்று. சூலியா வணிகர் என்று அந்நூல்களில் குறிக்கப்படுவோர் நம் முன்னோரே. ஒரு தமிழர் டச்சு கற்றதால் மரக்காயர்களின் கப்பல்களைப் பற்றி நாம் இன்று இவ்வளவேனும் அறிகிறோம்.

அவர் தனி ஆளாகச் செய்ததை ஒரு திட்டமாகவே செய்தது நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம். 1602-இல் தோன்றி 1799-இல் கலைக்கப்பட்ட ஒல்லாந்தக் கும்பினி விட்டுச்சென்ற ஏடுகள் ஏறத்தாழ 2½ கோடிப் பக்கங்கள்; 2003-இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் பெரும்பகுதி ஆசிய நாடுகளைப் பற்றியது; ஆயினும் ஆசியரில் அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர். ஆகவே 2000-ஆம் ஆண்டையொட்டி 'டனாப்' என்ற திட்டமும், 2006-இல் 'என்கம்பாஸ்' என்ற திட்டமும் தொடங்கப்பட்டன. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா முதலிய நாடுகளின் மாணவர்களை உதவித்தொகையுடன் அழைத்து, முதலில் டச்சு மொழியையும் பழைய கையெழுத்தையும் கற்பித்து, பிறகே ஆய்வில் இறக்கினர். கேரளத்து மாணவர் பினு ஜான் மைலாப்பரம்பில் அவ்வாறு சென்று, கண்ணூர் அரக்கல் அலி ராஜாக்களைப் பற்றி ஆய்ந்து 2007-இல் பட்டம் பெற்றார். 2012-இல் அது நூலாயிற்று. கொச்சியைப் பற்றி அஞ்சனா சிங்கும், குஜராத்தைப் பற்றி குலாம் நத்ரீயும் எழுதினர். கேரளத்தின் முஸ்லிம் அரச குடும்பத்துக்கு வரலாறு கிடைத்துவிட்டது. பரங்கிப்பேட்டைக்கும் ஆலம்பரைக்கும் அப்படி ஒன்றை எழுத அதே பாதையில் இக்கரையிலிருந்து ஒருவர் சென்றிருக்கலாம். அவ்விரு திட்டங்களும் தம் காலம் முடிந்து நின்றுவிட்டன.

நின்றுபோனவை வெளிநாட்டில் மட்டுமல்ல. சிறுபான்மை மாணவரின் ஆய்வுக்காக 2009-இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டது. வெளிநாட்டுப் படிப்புக்கான கல்விக் கடனின் வட்டியை அரசே ஏற்ற 'படோ பர்தேஷ்' திட்டமும் அதே காலத்தில் நின்றது. பழைய துண்டறிக்கைகளை நம்பி இவற்றைக் கேட்டு இன்னமும் சில பெற்றோர் வருகின்றனர். அவர்களுக்காகவே இதனை இங்கே குறிக்கிறேன்.

திறந்திருக்கும் வாசல்களும் உண்டு. 1961-இல் நிறுவப்பட்ட மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் கட்டணமின்றி, உதவித்தொகையும் தங்குமிடமும் விமானச் சீட்டும் தந்து வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கிறது. அரபு அறியாதோருக்கு முதலில் மொழியைக் கற்பிக்கும் பிரிவும் அங்கே உண்டு. இலண்டன் சோவாஸ், ஆக்ஸ்போர்டு, ரீடிங் ஆகிய இடங்களில் படிக்க, வசதி குறைந்த, முதல் வகுப்பில் தேறிய இந்தியப் பட்டதாரிகளுக்கு ஃபெலிக்ஸ் உதவித்தொகை இருக்கிறது. காமன்வெல்த் உதவித்தொகை, ஜெர்மனியின் டாட், பிரான்ஸின் சார்பாக் ஆகியனவும் உள்ளன. பிரெஞ்சு கற்க நாம் பாரிஸ் செல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. 1955 முதல் அந்நகரில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் வந்து நம் மொழிகளைக் கற்கின்றனர். அமெரிக்க மாணவர்கள் தம் நாட்டு உதவித்தொகையில் மதுரைக்கு வந்து தமிழ் கற்கின்றனர். அவர்கள் வருவதில் நமக்கு மகிழ்ச்சியே. நம் பிள்ளைகள் போகாததில்தான் வருத்தம்.

போகாததற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. ஏழாண்டு அரபு ஓதிய பிள்ளையிடம் ஸனது இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. இளங்கலைப் பட்டம் இல்லாதவரின் விண்ணப்பத்தைப் பெரும்பாலான உதவித்தொகைகள் பார்ப்பதே இல்லை. ஐரோப்பிய மாணவன் இருபது வயதில் தட்டுத் தடுமாறிக் கற்கும் அரபு நம் பிள்ளைக்குப் பதினாறு வயதில் கைவந்திருந்தும், வாசலிலேயே நின்றுவிடுகிறான். அப்துல் ஹக் அவர்களின் காலத்தில் அஃப்ஸலுல் உலமா இருந்த இடத்தில் இன்று வேறு வழிகள் உள்ளன. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் ஓதிக்கொண்டே எழுதலாம். அலிகர், ஜாமிஆ மில்லியா முதலிய பல்கலைக்கழகங்கள் தாம் ஏற்ற மதரஸாக்களின் ஸனதைக் கொண்டு சில படிப்புகளில் சேர்த்துக்கொள்கின்றன. மதரஸாவில் சேர்க்கும்போதே அது அப்பட்டியலில் உள்ளதா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். ஏழாண்டு கழித்துக் கேட்பதில் பயனில்லை.

மற்றொரு தடை, முதற்செலவு. உதவித்தொகை கிடைத்த பின் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கிடைப்பதற்கு முன் கடவுச்சீட்டு, சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு, ஆங்கிலத் தகுதித் தேர்வுக் கட்டணம், நேர்காணலுக்குச் சென்னை சென்று வரும் செலவு ஆகியவற்றை மாணவனே ஏற்க வேண்டும். சில ஆயிரங்களில் தொடங்கிப் பல ஆயிரங்களில் முடியும் அச்செலவு, அளத்தில் கூலிக்கு உப்பு வாரும் குடும்பத்துக்குப் பெரிது; ஒரு ஜமாஅத்துக்குச் சிறிது. பள்ளிவாசலின் மேல்தளத்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் நம்மில் தாராளமாகக் கொடுப்போர் பலர் உள்ளனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அவர்களில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் விண்ணப்பச் செலவை ஏற்றுக்கொள்வதை நிர்வாகக் குழு பரிசீலிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஹேக் காப்பகத்தின் டச்சு ஏடுகளில் பெரும்பகுதி இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கையெழுத்தைக் கணினியே அச்செழுத்தாக்கித் தருகிறது. 'சத்ராஸ்', 'போர்ட்டோ நோவோ' என்று ஒல்லாந்தர் எழுதிய பெயர்களை இட்டுத் தேடினால் பக்கம் பக்கமாக வந்து நிற்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல டச்சு தெரிந்தவர்தான் வேண்டும்.

பெரும்பாலான விண்ணப்பங்களின் கடைசி நாள் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வருகிறது. இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்போ, பட்டப்படிப்போ, ஓதலோ முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், சான்றிதழ் நகல்களுடன் வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் என்னைச் சந்திக்கலாம். பெண் பிள்ளைகளின் பெற்றோரும் தயங்காமல் வரலாம்.