வைன்ஷாப்புல வைன் இல்ல: புகார் முற்றத்திலிருந்து நாசிக் வரை

மணலி புதுநகர்ல இருந்து பேசுறேன். இந்த எபிசோடு ஒரு நேயர் கேட்ட கேள்வியில ஆரம்பிச்சது. "வீக்கெண்டுல நாயையும் கூட்டிட்டுப் போகணும். கிராமத்துப் பக்கம், அந்த ஊர் வைன், அந்த ஊர் தீனி. அப்படி ஒரு வைனரி சென்னைக்குப் பக்கத்துல இருக்கா?"

ஒரு வார்த்தையில பதில்: இல்ல. நம்ம ஊர்ல "வைன்ஷாப்"னு சொல்ற கடையில பிராந்தியும் பீரும்தான் ஓடும், வைன் கேட்டா ஒரு மாதிரி பார்ப்பாங்க. ஆனா குடி, தீனி, நாய் மூணும் ஒரே இடத்துல இருக்கிறது நமக்குப் புதுசா? அதுக்கும் பதில் இல்லதான். அது எங்க இருந்தது, எப்படிப் போச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை.

புகார் முற்றம்

முதல்ல ஒரு துறைமுகத்துக்குப் போவோம். எண்ணூர் இல்ல, காவிரிப்பூம்பட்டினம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை அந்தத் துறைமுகத்தை டாக்குமென்டரி மாதிரி காட்டுது. சுங்க அதிகாரிகள் புலி முத்திரை குத்தின மூட்டைகள் பண்டகசாலை முற்றத்துல மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அந்த மூட்டை மேல ஆண் நாயும் ஆட்டுக்கடாவும் துள்ளி விளையாடுது. அதே பாட்டுல இன்னொரு முற்றம் வருது. மீனையும் இறைச்சியையும் அறுத்துப் பொரிக்கிற சத்தம், பக்கத்துல கள் விற்கிற இடம்னு காட்டுற கொடி.

மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் யார்டைப் பார்த்தவங்களுக்கு இந்தக் காட்சி நல்லாத் தெரியும். சரக்கு இருக்கிற இடத்துல நாய் இருக்கும், நாலு எட்டுல மீன் வறுவல் கடை இருக்கும். "நாய்க்கு அனுமதி உண்டு"னு புகார்ல யாரும் போர்டு வைக்கல. யாரும் விரட்டல, அவ்வளவுதான்.

கப்பல்ல வந்த வைன்

புகார்ல விற்றது நம்ம கள். திராட்சை வைன் கப்பல்ல வந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டுல 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செஞ்சப்போ மத்தியதரைக்கடல் நாட்டு ஆம்போராத் துண்டுகள் கிடைச்சது. ஆம்போரான்னா ரெண்டு காது வச்ச நீளமான மண்சாடி. அந்தக் காலத்து கன்டெய்னர்னு வச்சுக்கோங்க. 1989-இல் இருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி குழு அங்க மறுபடி தோண்டினாங்க. வைன் மட்டும் இல்லாம, ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த சாடிகளும் அங்க அடையாளம் காணப்பட்டிருக்கு. அதாவது சைடிஷும் சேர்ந்தே வந்திருக்கு.

யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடிக்கிறதா புறநானூற்றுல நக்கீரர் பாடுறார். கவனிங்க, குடிக்கிறது ராஜா. இறக்குமதி வைன் அப்பவே பெரிய இடத்துச் சரக்கு.

பெரெனிகே நாய்

இதே கடல் வழியோட மறுமுனை, எகிப்துல செங்கடல் கரையில இருக்கிற பெரெனிகே. அங்க தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைச்சது. இந்தியாவுல செஞ்ச ஒரு ஜாடியில ஏழரை கிலோ மிளகும் கிடைச்சது. அந்த ஊர்ல வளர்ப்பு மிருகங்களுக்குன்னே ஒரு இடுகாடு இருந்தது. போலந்து ஆய்வாளர் மார்தா ஓசிபின்ஸ்கா குழு அங்க ஐநூறுக்கும் மேல உடல்களைப் பதிவு செஞ்சாங்க. பெரும்பாலும் பூனைகள், கொஞ்சம் நாய்கள், இந்தியாவுல இருந்து போன குரங்குகள்.

அதுல ஒரு பெரிய நாய். எலும்புப் புற்றுநோய் வந்திருக்கு. கடைசியா சாப்பிட்டது மீனும் ஆட்டுக்கறியும். அதை ஓலைப் பாயில சுத்தி, ஒரு ஆம்போராவை ரெண்டா பிளந்து மேல மூடிப் புதைச்சிருக்காங்க. நோய் வந்த நாய்க்குக் கறி போட்டு, செத்த பிறகு சாடியால மூடி வச்ச அந்த ஆள் யாருன்னு தெரியாது. நாயோட பயணம் போகணும்னு நினைக்கிற மனசு இன்ஸ்டாகிராம் காலத்துல வந்தது இல்ல.

மரத்தடியில மட்டும் கிடைக்கிற குடி

இப்ப கள்ளுக்கு வருவோம். பனம்பாளையைச் சீவினா சாறு சொட்டும். கலயத்துல சுண்ணாம்பு தடவினா அது பதநீர். தடவலைன்னா காத்துல இருக்கிற ஈஸ்ட் சில மணி நேரத்துல அதைக் கள்ளாக்கிடும். மறுநாளைக்குப் புளிச்சு காடியாகிடும். குடோன்ல அடுக்க முடியாது, லாரியில தூரமா அனுப்ப முடியாது. மரம் இருக்கிற ஊருக்குப் போய்த்தான் குடிக்கணும். "வைனரி விசிட்"னு இன்னைக்குக் காசு கொடுத்துப் போற அனுபவம், கள்ளுக்கு இயல்பிலேயே உண்டு.

அரசாங்கத்துக்குத் தலைவலியும் அதுதான். ஆயிரக்கணக்கான மரம், ஒவ்வொண்ணுலயும் ஒரு கலயம். எப்படி எண்றது? பிரிட்டிஷ் காலத்துல 1886 மதராஸ் அப்காரி சட்டம் வந்துச்சு, மரத்துக்கு நம்பர் போட்டு மரவரி வாங்கினாங்க. அப்புறம் மதுவிலக்கு இயக்கம். 1921-இல் ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல், அதுல நாகம்மையும் கண்ணம்மாவும் முன்ன நின்னாங்க. பெரியார் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டினார். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். குடியால வீடு நாசமான பெண்களோட கோபம் நிஜம். அதை லேசா எடுத்துக்கக் கூடாது.

1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் உருவாச்சு. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. பாட்டில்ல அடைச்ச சரக்கு தொடர்ந்தது. எதை எண்ண முடியுமோ, எதுக்கு சீல் வைக்க முடியுமோ, அது நின்னுச்சு. மரமேறிகள் தொழில்ல பாதி போச்சு. விஷச்சாராயம் மட்டும் போகல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60-க்கும் மேற்பட்டவங்க மெத்தனாலுக்குப் பலியானாங்க.

2001-ம் 2003-ம்

ரெண்டு மாநிலத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆரக்கிள்ல வேலை பார்த்த ராஜீவ் சாமந்த் ஊருக்குத் திரும்பி, 1997-இல் நாசிக்ல வைன் திராட்சை நட்டார். 2000-இல் சுலாவோட முதல் வைன் வந்தது. ஐடி வேலையை விட்டுட்டு விவசாயம்னு நம்மள்ல பாதிப் பேர் பேசிட்டே இருக்கிறதை மனுஷன் செஞ்சுட்டார். 2001-இல் மகாராஷ்டிரா திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச் சலுகை கொடுத்தது. தோட்டம், ருசிபார்க்கும் கூடம், சாப்பாடு, தங்குமிடம்னு வளர்ந்தது.

தமிழ்நாடு 2003-இல் சில்லறை மது விற்பனை முழுசையும் டாஸ்மாக் கையில கொடுத்தது. நம்மகிட்ட திராட்சை இல்லாம இல்ல. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க காய்க்குது. ஆனா ஒரு ஊர் குடியைக் கவுண்டர் சரக்கா மட்டும் பார்த்தா, அதைச் செஞ்ச ஆளும் தெரியாது, மண்ணும் தெரியாது, உட்கார ஒரு திண்ணைகூட கிடைக்காது. நின்னு, வாங்கி, அவசரமா குடிக்கிற பழக்கம்தான் மிஞ்சும். கேரளாவுல குட்டநாட்டுப் பக்கம் கள்ளுக்கடைக்குக் குடும்பமா போய் கப்பாவும் மீன் கறியும் சாப்பிடுறாங்க. பல பேர் வர்றதே சாப்பாட்டுக்குத்தான். கள் வேணுமா வேணாமான்னு நீங்க வாதம் பண்ணுங்க. ஆனா அந்த வாதத்துல இடம், சாப்பாடு, செய்யிறவர் இந்த மூணையும் சேர்த்துப் பேசுங்க.

போறவங்களுக்கு

நாசிக்கோ நந்தி மலையோ போறீங்கன்னா, நாயை விடுவாங்களான்னு முன்னாடியே போன் போட்டுக் கேளுங்க. தோட்டத்துக்குத் தோட்டம் விதி மாறும். வண்டி ஓட்டுறவர் குடிக்கக் கூடாது. முக்கியமா, திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்கு விஷம், சிறுநீரகமே செயலிழக்கலாம். கொடியடியில உதிர்ந்ததைத் தின்னாம கயித்துல பிடிச்சே கூட்டிட்டுப் போங்க.

அவ்வளவு தூரம் முடியாதவங்க, சீசன்ல விடியக்காலை பனை இருக்கிற ஊர்ப் பக்கம் போங்க. நாயும் கூட வரட்டும். ஓலைப் பட்டையில பதநீர், கூட ரெண்டு நுங்கு. சட்டப்படி சரி, போதையும் கிடையாது. இறக்கினவர் கையில இருந்தே வாங்கலாம். அவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: இந்த ஊர்ல இன்னும் எத்தனை பேர் மரம் ஏறுறாங்க? பதிலை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடுறோம்.