முள்ளின் காது

இங்கிலாந்தின் பழம்பொருள் சந்தையொன்றில் நண்பர் வாங்கிவந்த மடக்குக்கத்தி ஒன்று சில நாட்களாக என் மேசைமேல் கிடக்கிறது. விரித்தால் ஒரு வெட்டும் அலகு, ஒரு சிறு கத்தரி, நுனி இரண்டாகப் பிளந்த தட்டையான அரம், ஊசி போன்ற ஒரு கூர்முனை. பிடியின் பக்கத்திலிருந்து உருவிக்கொள்ள ஓர் இடுக்கி. குதிரைக்காரர்களின் கத்தி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். குளம்பில் சிக்கிய கல்லை நெம்புவதற்காம் அந்தக் கூர்முனை. குளம்புக்கல் நெம்பும் கொக்கி தடித்து வளைந்திருக்கும். இந்த முனையைக் குளம்பில் வைத்தால் ஒடிந்துவிடும்.

இத்தகைய பொருட்களில் முதலில் முத்திரையைத் தேடுவது வழக்கம். பிரிட்டனில் வடிவங்களைப் பதிவுசெய்து தந்த எண்கள் 1884-இல் ஒன்றில் தொடங்கி ஏறிக்கொண்டே போகின்றன. எண் இருந்தால் ஆண்டு கிடைத்துவிடும். இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் பிறந்த நாடு தெரியவேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் இயற்றிய சுங்கச் சட்டம் அதற்குக் காரணம். இந்தக் கத்தியிலோ ஷெஃபீல்டு என்ற ஊர்ப்பெயர் மட்டுமே தேயாமல் மிஞ்சியிருக்கிறது. அலகில் துரு இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி அதே ஊரில் 1913-இல் உருவாக்கினார் என்றாலும், பழைய எஃகுக் கத்திகள் அதன் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆகவே துருவின் சாட்சியம் அரைகுறையானது.

முத்திரை கைவிட்டால் வேலையைத்தான் கேட்கவேண்டும். பிளந்த நுனி மீனின் தொண்டையில் இறங்கிய தூண்டில் முள்ளைத் தள்ளிக் கழற்ற. இடுக்கி, இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்களைப் பெட்டியிலிருந்து நசுங்காமல் எடுக்க. ட்ரவுட் மீன் பிடிப்பவரின் கத்தி இது. ஆல்னிக் நகரில் 1872-இல் தொடங்கிய ஹார்டி நிறுவனம் இவ்வகைக் கத்திகளை விற்றிருக்கிறது.

கத்தரி நறுக்கியது எதை? இன்று நாம் தங்கூசி என்கிற நைலான் இழை அன்று இல்லை. ஸ்பெயினின் மூர்சியா பகுதியில், கூடு கட்டும் தறுவாயிலுள்ள பட்டுப்புழுக்களை வினிகரில் ஊறவைத்துக் கொன்று, வயிற்றைப் பிளந்து, பட்டுச் சுரப்பிகளை இரு கைகளாலும் இழுத்து நீட்டுவார்கள். ஒவ்வொரு சுரப்பியும் சாண் கணக்கில் ஓர் இழையாக இறுகும். அவற்றை முடிந்து முடிந்துதான் தூண்டில் நரம்பு. உலர்ந்தால் நொறுங்கும் என்பதால் நனைத்த பிறகே முடிச்சிட வேண்டும். கனவான்களின் பொழுதுபோக்குக்குப் பின்னால் வினிகர் நெடியடிக்கும் விரல்கள் இருந்தன. குதிரைக்காரர் கத்தி என்று பெயர் மாற்றிவிட்டால் அந்த விரல்களும் கதையிலிருந்து போய்விடுகின்றன.

இனி அந்தக் கூர்முனை. பழைய ஈ முள்ளுக்குப் பொதுவாகக் காது கிடையாது. நரம்பை முள்ளின் தண்டோடு வைத்து நூலால் கட்டிவிடுவார்கள். மெல்லிய ஈக்களுக்கேற்ற காதுள்ள முள்ளை 1870-களின் இறுதியில் வடிவமைத்தவர்களுள் ஒருவர் எச். எஸ். ஹால். ஆம், நம் தாத்தாக்களைப் பள்ளியில் படுத்திய ஹால்–நைட் அல்ஜீப்ராவின் ஹால்தான்! கிளிஃப்டன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1886-இல் வெளியான ஹால்ஃபோர்டின் நூலுக்குப் பின் இந்த முள் பரவலாயிற்று. ஆனால் ஈயின் தலையில் பூசும் வார்னிஷ் காதை அடைத்துவிடும். ஆற்றங்கரையில் அதைக் குத்தித் திறக்கத்தான் இந்த ஊசிமுனை.

ஆக, கத்தி 1880-களுக்கு முன்பு செய்யப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மறுமுனையை இவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியாது. நைலான் 1938-இல் அறிவிக்கப்பட்டு, போருக்குப் பின் பட்டு நரம்பை ஒழித்தது; ஆனால் கத்தரி நைலானையும் நறுக்கும்.

ஊசிமுனை மடங்கும் பள்ளத்தில் கருத்து இறுகிய ஒரு துளி பிசின் ஒட்டியிருக்கிறது. நண்பர் கத்தியைத் துலக்கித் தரச் சொன்னார். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.