உலாவிகளும் தமிழ் எழுத்தும்

அச்சு நூலில் ஒற்றுப்புள்ளி விடுபட்டால்தான் நமக்கு அச்சகத்தின் நினைவு வருகிறது. உலாவியும் அப்படியே. எது வேகமானது, எது பாதுகாப்பானது என்ற ஒப்பீடுகள் நிறைய வந்துவிட்டன. தமிழ் வாசகரின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வரலாறு வேறொரு கணக்கைச் சொல்கிறது.

1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக், படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மார்க் ஆண்டிரீசன் இணைந்து தொடங்கிய நிறுவனம் 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் நேவிகேட்டரை வெளியிட்டது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட், மொசைக்கின் நிரலுக்கு உரிமம் பெற்று, இன்டர்நெட் எக்ஸ்புளோரரோடு களமிறங்கியது. ஆக, இது ஒரு பங்காளிச் சண்டை.

அந்தச் சண்டையில் தமிழும் அடிபட்டது. 1997இல் வந்த இரண்டின் நான்காம் பதிப்புகளும், எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதியைத் தந்தன. வாசகர் தம் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் இரண்டின் கோப்பு வடிவங்களும் வேறு வேறு. இரண்டு வடிவிலும் எழுத்துருவை ஆக்கி வைக்காத தளம், ஏதேனும் ஓர் உலாவியில் பொருளற்ற குறிகளாகவே தெரியும்.

ஒருங்குறி வந்தபோது எக்ஸ்புளோரரின் கை ஓங்கியது. விண்டோஸ் 2000இல் தமிழுக்கு இடம் கிடைத்தது; இயங்குதளத்தோடு ஒட்டிப் பிறந்த உலாவி, கொம்பையும் காலையும் உரிய இடத்தில் வைத்துக் காட்டியது. அதன் வலிமை அந்த ஒட்டுறவுதான். அதே ஒட்டுறவுதான் 1998இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கிற்கும் காரணமாயிற்று. எதிரி வீழ்ந்த பின் சோம்பலும் வந்தது. 2001இல் ஆறாம் பதிப்பை வெளியிட்ட மைக்ரோசாஃப்ட், ஏழாம் பதிப்பை 2006இல்தான் தந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பாதுகாப்பு ஓட்டைகளே பெருகின.

நெட்ஸ்கேப் 1998இல் திறந்துவிட்ட நிரலின் வழித்தோன்றலாக, 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. நம்மவர் அதை 'நெருப்பு நரி' என்று செல்லமாக அழைத்தனர். தத்தல்கள், நீட்சிகள், பொதுத் தரங்களை மதித்தல் ஆகியவை அதன் நிறைகள். ஆனால் இரண்டாம் பதிப்பு வரை, இருபுறமும் சீராக்கிய பத்திகளில் தமிழ் எழுத்துகள் உடைந்தன; கொம்பு ஓரிடத்திலும் மெய் ஓரிடத்திலுமாகச் சிதறின. 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இக்குறை தீர்ந்தது. அதுவரை அத்தகைய பக்கத்தைப் படிக்க விரும்பியவருக்கு எக்ஸ்புளோரர் என்னும் மாற்று இருந்தது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த மாற்றைத்தான்.

2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. ஒவ்வொரு தத்தலையும் தனித்தனியே இயக்கியதால், ஒன்று முடங்கினாலும் மற்றவை பிழைத்தன. அதற்கு விலையாக நினைவகத்தைத் தாராளமாக விழுங்கியது. விளம்பர வருவாயில் வாழும் நிறுவனத்தின் கையில் உலாவியும் இருப்பது அதைவிடப் பெரிய குறை. 2013இல் ஓப்பரா தன் சொந்த எந்திரத்தைக் கைவிட்டு குரோமின் அடித்தளத்துக்கு மாறியது. 2020இல் மைக்ரோசாஃப்டின் எட்ஜும் அவ்வழியே சென்றது. 2022 ஜூனில் எக்ஸ்புளோரர் ஓய்வு பெற்றது. ஆப்பிளின் சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் நீங்கலாக, பெயர்பெற்ற உலாவிகளுள் பெரும்பாலானவை இன்று ஒரே அடித்தளத்தின் மேல் நிற்கின்றன.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் பிழை திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்துகிறது. தமிழும் இன்று எங்கும் சிதையாமல் தெரிகிறது. ஆனால் ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் எல்லா இடத்திலும் நேரும் என்பதும் அதன் மறுபக்கம். ஒற்றை வெற்றியாளர் ஐந்தாண்டு உறங்கியதை ஒருமுறை கண்டுவிட்டோம். சந்தையில் குரல் பலமில்லாத மொழிக்கு, பழுது நேரும் நாளில் போக இன்னொரு வாசல் வேண்டும். என் கணினியில் இரண்டு உலாவிகளை வைத்திருக்கிறேன். உங்கள் கணினியில் எத்தனை?