சுரங்க வாசலுக்கு அப்பால்: வேலையின் எல்லையும் முதலாளியின் பொறுப்பும்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் காலூன்றியது முதல், தொழிலாளர் குடியிருப்புகள் சுரங்கங்களை ஒட்டியே எழுந்தன. சாம்பியன் ரீப், ஊரிகம், மாரிக்குப்பம் ஆகிய இடங்களின் லைன் வீடுகளிலிருந்து சுரங்கக் குழிக்குச் செல்வது பெரும்பாலும் நடை தூரமே. விபத்து என்றால் அது நிலத்துக்கு அடியில் நேர்வது. அதற்குப் பொறுப்பு யாருடையது என்பதில் ஐயம் குறைவு.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கினர். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே ரயிலும், ஆட்டோவும், சொந்த இருசக்கர வாகனமும், நிறுவனம் வாடகைக்கு அமர்த்தும் வண்டியும் நுழைந்தன. இந்த இடைவெளியில் நேரும் விபத்து யார் கணக்கில் சேரும்? இவ்வினாவுக்கு ஒரு சட்டத் தொடரின் வரலாறே விடை தருகிறது.

விபத்து 'வேலையிலிருந்து எழுந்ததாகவும், வேலையின் போக்கில் நிகழ்ந்ததாகவும்' இருத்தல் வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நிபந்தனை. முதற்பகுதி காரணத்தைக் குறிக்கிறது. இரண்டாவது காலத்தையும் இடத்தையும் குறிக்கிறது. 'போக்கு' என்ற சொல்லின் எல்லை எது என்பதே எழுபது ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்த வழக்கு.

போர்பந்தர் அருகே உப்பளத் தொழிலாளர் சிலர் கழியைக் கடக்கையில் படகு கவிழ்ந்து மூழ்கினர். வேலையிடத்தின் எல்லை வாசலைத் தாண்டியும் ஓரளவு நீளும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1958இல் ஏற்றது. ஆயினும் அப்படகு பொதுமக்கள் அனைவருக்கும் உரியது என்பதால் இழப்பீட்டை மறுத்தது. பம்பாயில் பணி முடித்து மாநகரப் பேருந்திலேயே வீடு திரும்பிய ஓட்டுநர் விபத்தில் இறந்த வழக்கில், 1963இல் தீர்ப்பு வேறாயிற்று. அவருக்கு அளிக்கப்பட்ட இலவசப் பயணம் பேருந்துச் சேவையின் திறனோடு பிணைந்தது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர்.

கேரளத்தின் கொரட்டியில் 1971இல் ஒரு தொழிலாளி மிதிவண்டியில் ஆலைக்குச் சென்றார். ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், பணி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கையில், அவர் மீது மோதியது அவருடைய முதலாளியின் லாரியே. எனினும் அது வேலைக் காயம் ஆகாது என்று 1996இல் முடிவாயிற்று. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்ட பிறகே, அச்சட்டத்தின் கீழ் வருவோரின் பயணமும் வேலையின் பகுதியாயிற்று. மோட்டார் சைக்கிளில் சர்க்கரை ஆலைக்குச் செல்கையில் 2003இல் இறந்த மகாராஷ்டிரக் காவலாளி ஒருவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் இதே பொருளை 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் வழங்கியது. விபத்தின் சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு நிறுவப்பட வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. அந்தக் குடும்பம் காத்திருந்தது இருபத்திரண்டு ஆண்டுகள்.

இவையெல்லாம் தொழிலாளி அடையும் காயம் பற்றியவை. தொழிலாளி ஓட்டும் வண்டியால் பிறர் காயமுற்றால் எழும் வினா தனியானது. கனடாவில் ரயில்வே தச்சர் ஒருவர், காப்பீடில்லாத சொந்தக் காரைப் பணிக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற தடையை மீறி, வேலை நிமித்தம் அக்காரை ஓட்டிச் சென்று விபத்து விளைவித்தார். 1942இல் பிரிவி கவுன்சில் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது: தடை வேலையைச் செய்யும் முறைக்கு உரியது, செய்யப்பட்டதோ நிறுவனத்தின் வேலை. ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் வாடகைக்கு எடுத்து இயக்கிய பேருந்தின் வழக்கிலும் 1997இல் இதே தர்க்கம் செயல்பட்டது. ஓட்டுநருக்குச் சம்பளம் தந்தவர் பேருந்தின் உரிமையாளர்; ஆனால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தியது கழகம். ஆகவே கழகமும் பொறுப்பேற்க நேர்ந்தது.

இரு வரலாறுகளும் ஒரே இடத்தில் கூடுகின்றன. வண்டியின் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டும் வழக்கை முடித்துவிடுவதில்லை. பயணம் யாருடைய வேலைக்காக, யாருடைய கட்டளையின் கீழ் நடந்தது என்பதும் கேட்கப்படுகிறது. 'சொந்த வண்டியில் சென்றால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்னும் சுற்றறிக்கை, நிர்வாகத்தின் வேலைக்காகவே வண்டி ஓடும்போது முழுக் கவசம் ஆகாது. ஓட்டுநர் உரிமம், நடப்பிலுள்ள காப்பீடு, வாடகை வண்டியின் தகுதிச் சான்று ஆகியவற்றைச் சரிபார்ப்பதும், பணி நேரத்தையும் பயணத்தின் நோக்கத்தையும் பதிவு செய்வதும் நிர்வாகத்தின் கடமைகளாகின்றன. விபத்துக்குப் பின் தொழிலாளியின் குடும்பத்துக்கும் அந்தப் பதிவேடே சான்று.

சுரங்கத்தில் இறங்கியவரின் பெயர் பணிப் பதிவேட்டில் இருந்தது. இன்று வேலையை நாடித் தங்கவயலிலிருந்து நெடுந்தொலைவு செல்வோரின் பயணத்துக்கு அத்தகைய பதிவேடு பெரும்பாலும் இல்லை. சட்டம் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டது. ஆவணங்கள் இன்னும் வாசலுக்கு உள்ளேயே நிற்கின்றன.