எலி சுற்றினால் வயர் முறுக்கும்

பழைய லேண்ட்லைன் போனின் சுருள் வயர் முறுக்கிக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ரிசீவரைத் தொங்கவிட்டால் கிறுகிறுவென்று சுற்றி முறுக்கு பிரியும். அந்த வயரின் முனையில் ஓர் எலியின் தலை இருந்தால்?

1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்முனை பொருத்தி, அது நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் மின்சாரம் செலுத்தினார்கள். மேலிருந்து தொங்கிய ஒரு லேசான வயரே போதும். எலிதான் நெம்புகோலை விட்டு நகர மாட்டேன் என்றதே!

மூளைக்குள் மின்சாரம் அனுப்புவது சுலபம், அங்கிருந்து வருவதைக் கேட்பதுதான் கஷ்டம். ஒரு நரம்புசெல்லின் துடிப்பு, செல்லுக்கு வெளியே அளந்தால், ஏறத்தாழ ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வயர் ஆடினாலே அதைவிடப் பெரிய இரைச்சல் வரும். அதனால் எலியின் தலையிலேயே குட்டி டிரான்சிஸ்டர்களை வைத்தார்கள். இரைச்சல் குறைந்தது, முறுக்கு குறையவில்லை.

1971-ல் லண்டனில் ஜான் ஓகீஃபும் ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும், எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கும் செல்களை ஹிப்போகாம்பஸில் கண்டார்கள். (ஓகீஃபுக்கு 2014-ல் நோபல் பரிசு.) கட்டிப்போட்ட எலியிடம் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் உலவுகிற எலி சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் வயரில் ஒரு முறுக்கு ஏறும். முறுக்கிய வயர் குட்டையாகித் தலையை இழுக்கும். எலி நின்றுவிடும், அல்லது எதிர்ப்பக்கம் திரும்பும். பதிவாவது எலியின் விருப்பமா, வயரின் விருப்பமா? இழுப்பில் மின்முனை இம்மி நகர்ந்தாலும் பல நாள் பின்தொடர்ந்த செல் தொலைந்துபோகும்.

விடை பள்ளிப் புத்தகத்திலேயே உண்டு. ஏ.சி. ஜெனரேட்டரில் வரும் நழுவு வளையம்! எலி சுற்றினால் வளையமும் சுற்றும், தொடர்பு அறாது. (ஆய்வகங்களில் இதைக் கம்யூட்டேட்டர் என்கிறார்கள். பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும்.)

பெரிய எலி அந்த வளையத்தைத் தள்ளிச் சுற்றிவிடும். பதினைந்து கிராம் ஜீப்ரா ஃபின்ச் குருவி என்ன செய்யும்? 2001-ல் மைக்கேல் ஃபீயும் அந்தோனி லியோனார்டோவும் வயரில் ஏறும் முறுக்கு விசையை உணர்ந்து மோட்டாரே வளையத்தைத் திருப்பும்படி செய்தார்கள். பின்னர் வந்த சில்லுகள் தலையிலேயே சிக்னலை எண்களாக்கின. ஒரு சேனலுக்கு ஒரு வயர் என்ற கட்டாயம் போய், வயர் மெலிந்தது. இப்போது தலையில் உள்ள உணரி, விலங்கு எத்தனை பாகை திரும்பியது என்று சொல்ல, அதே அளவு மோட்டாரும் திரும்பும் கருவிகள் உண்டு.

வயரே வேண்டாம் என்றால் பேட்டரியைச் சுமக்க வேண்டும். சுண்டெலிக்கு அது பெரிய பாரம். பழந்தின்னி வௌவால் சமாளிக்கும். 2013-ல் மைக்கேல் யார்ட்சேவும் நாஹும் உலனோவ்ஸ்கியும் பறக்கும் வௌவாலின் இட செல்களை வயரின்றிப் பதிவு செய்தார்கள். அவை மேல், கீழ் உட்பட மூன்று பரிமாணத்திலும் இடம் காட்டின.