மாணவி எப்போது நர்ஸ் ஆகிறாள்?

நர்ஸிங் படிக்கிற எல்லோரையும் ஒரு பயம் பிடித்து ஆட்டும். பரீட்சைப் பயத்தைச் சொல்லவில்லை. பரீட்சையெல்லாம் முடிந்து, பதிவு எண்ணும் வாங்கி, முதல் முறையாகத் தன் பொறுப்பில் ஒரு வார்டுக்குள் நுழையும்போது வருகிற பயம். நேற்று வரை சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க ஒரு சீனியர் இருந்தார். இன்று அந்த வார்டில் இருக்கிற மாணவிகள் சந்தேகம் வந்தால் இவள் முகத்தைப் பார்க்கிறார்கள்!

மூன்று நான்கு வருடம் படித்த பிறகும் ஏன் இந்தப் பயம்? "சரியாகப் படிக்கவில்லையோ, இந்த வேலைக்கு லாயக்கில்லையோ" என்று புதிதாக வருகிறவர்கள் தங்களைத் தாங்களே குறை சொல்லிக்கொள்வதுதான் வழக்கம். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் வேறொரு பதில் கிடைக்கிறது. மாணவிக்கும் நர்ஸுக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளம் ஒரு காலத்தில் இல்லவே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்யப் போய்தான் அது உண்டானது. அந்தக் கதை லண்டனில் தொடங்குகிறது.

வேலையே படிப்பு

கிரிமியப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனிக்க ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தது 1854 நவம்பரில். அவர் செய்த வேலைக்கு நன்றியாக இங்கிலாந்து மக்கள் சுமார் 45,000 பவுண்டு திரட்டினார்கள். அந்தப் பணத்தில்தான் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

சேர்கிறவர்களுக்கு வயது 25லிருந்து 35க்குள் இருக்க வேண்டும். தங்க இடம், சாப்பாடு, சீருடை, அதோடு வருடத்துக்கு 10 பவுண்டு கைச்செலவுக்கு. மேட்ரன் சாரா வார்ட்ரோப்பர் மாதாமாதம் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் ஒரு தாளில் குறித்து வைப்பார். நேரம் தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம் என்று அதில் பல கட்டங்கள். காயத்துக்குக் கட்டுப் போடும் திறமைக்கு முன்னால் குணத்துக்கு மார்க்!

பயிற்சி ஒரே ஒரு வருடம். அதற்குப் பிறகும் சில வருடங்கள் நைட்டிங்கேல் நிதிக் குழு சொல்கிற மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். அந்த முதல் வருடத்தில்கூட அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம் ரொம்பக் கம்மி. டாக்டர்கள் சில சொற்பொழிவுகள் செய்வார்கள், அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் வார்டில் படுக்கை விரிப்பது, புண் கழுவுவது, உணவு ஊட்டுவது. வருடம் முடிந்ததும் அரசுத் தேர்வு கிடையாது. பள்ளியின் பதிவேட்டில் பெயர் ஏறும். மறுநாள் காலை அவள் செய்யப்போவது முந்தின நாள் செய்த அதே வேலையைத்தான்.

மாணவியாக இருந்தவள் நர்ஸ் ஆன நாள் எது என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் சொல்லத் தெரிந்திருக்காது. பள்ளம் இல்லை, ஆகவே அதைத் தாண்டும் பயமும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. மருத்துவமனைக்குக் கிடைத்தது மலிவான வேலையாள். வேலை முடிந்து நேரம் மிச்சமிருந்தால்தான் படிப்பு. இந்தப் பள்ளியின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து மோனிகா பேலி 1986இல் எழுதிய புத்தகம், அதன் பெருமைக்கும் நிஜத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்று காட்டியது.

படித்து முடித்தால் வேலை போய்விடும்!

இந்தப் பள்ளி முறை கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. 1873இல் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று ஊர்களில் இதே பாணியில் பள்ளிகள் திறந்தார்கள். அமெரிக்க மருத்துவமனைகள் ஒரு விஷயத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டன. ஒரு நர்ஸிங் பள்ளி ஆரம்பித்தால் போதும், சம்பளச் செலவு கிட்டத்தட்ட மிச்சம். மூன்றில் ஆரம்பித்த கணக்கு 1910 வாக்கில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வார்டு முழுவதையும் மாணவிகளே பார்த்துக்கொள்வதால், படித்து முடித்தவர்களுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. மேற்பார்வைக்குச் சிலரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். வெளியே வந்த நர்ஸ் வசதியான வீடுகளில் ஒரு நோயாளிக்குத் தனி நர்ஸாக வேலை தேடிக்கொள்ள வேண்டும். அதாவது ஒரு பெண் முப்பது பேர் படுத்திருக்கும் வார்டை மாணவியாக இருக்கும்போது சமாளித்தாள். நர்ஸ் ஆன பிறகு, கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள்கூட இல்லாத வீட்டில் ராத்திரியெல்லாம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

1923இல் ஜோசபின் கோல்ட்மார்க் தயாரித்த அறிக்கை இந்த முறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வார்டின் தேவைக்காக மாணவியின் படிப்பு பலியாகிறது, நர்ஸிங் பள்ளிக்கு மருத்துவமனையைச் சாராத சொந்தக் கால் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதே 1923இல் யேல் பல்கலைக்கழகம் தனி நர்ஸிங் பள்ளியைத் தொடங்கியது. மற்றபடி பெரிய மாற்றம் வர 1930களின் பொருளாதார வீழ்ச்சி தேவைப்பட்டது. வீட்டுக்கு நர்ஸ் வைத்துக்கொள்ளக் குடும்பங்களிடம் பணமில்லை. வேலையில்லாமல் நின்ற நர்ஸ்களை மருத்துவமனைகள் குறைந்த கூலிக்கு எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன. தகுதி பெற்ற நர்ஸ் வார்டின் முழுநேரப் பணியாளர் என்பது அங்கே இப்படித்தான் வழக்கமானது.

ஒரு எண்ணுக்காக முப்பது வருடச் சண்டை

திரும்ப இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே கேள்வி வேறாக இருந்தது: யார் நர்ஸ், யார் நர்ஸ் இல்லை என்று பொதுமக்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

24 வயதிலேயே லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக்கு மேட்ரன் ஆனவர் எத்தல் மான்சன். 1887இல் டாக்டர் பெட்ஃபோர்ட் ஃபென்விக்கை மணந்ததும் அந்த வேலையை விட்டார். அதே வருடம் பிரிட்டிஷ் நர்ஸ்கள் சங்கத்தை ஆரம்பித்தார். அவர் கேட்டது மூன்று: மூன்று வருடப் பயிற்சி, பொதுவான தேர்வு, அரசுப் பதிவேடு.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? சாட்சாத் நைட்டிங்கேல்தான்! ஒரு நர்ஸின் குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது, பதிவேட்டில் பெயர் வந்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். நர்ஸ் கடைசி வரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டியவள் என்று அவர் நம்பினார்.

சண்டை முப்பது வருடத்துக்கு மேல் நீண்டது. நடுவில் 1901இல் நியூசிலாந்து முந்திக்கொண்டு நர்ஸ்களுக்கென்று பதிவுச் சட்டம் போட்டது. பிறகு முதல் உலகப் போர் வந்தது. குறுகிய பயிற்சியோடு ஏராளமான தொண்டர்கள் சீருடை போட்டுக்கொண்டு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பல வருடம் பயின்றவர்களையும் இவர்களையும் பிரித்துச் சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. கடைசியில் 1919 டிசம்பரில் பிரிட்டனில் சட்டம் நிறைவேறியது. 1921இல் பதிவேடு திறந்தபோது அதில் முதல் எண் எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக்குக்கு. முதல் அரசுத் தேர்வு நடந்தது 1925இல்.

இப்போதுதான் மாணவிக்கும் நர்ஸுக்கும் நடுவில் சட்டம் ஒரு கோடு கிழித்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் மரியாதை இருந்தது, பொறுப்பும் இருந்தது. தவறு செய்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும். ஃபென்விக் ஜெயித்தார். ஆனால் நைட்டிங்கேல் கேட்ட கேள்வி அப்படியே நின்றது: ஒரு தேர்வுக்கு முந்தின நாளும் பிந்தின நாளும் அதே பெண்தானே?

பள்ளம் உண்டான கதை

சட்டம் வந்தும் பிரிட்டனில் வார்டு வேலையின் பெரும்பகுதியை மாணவிகளே செய்துகொண்டிருந்தார்கள். லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். மாணவிகளில் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே போய்விடுகிறார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே விலகுகிறவர்கள் என்றும் அதில் சொன்னார். நோயும் சாவும் தருகிற பதற்றத்தை மருத்துவமனை பேசித் தீர்ப்பதில்லை, வேலையைத் துண்டு துண்டாக்கியும் நோயாளியைப் படுக்கை எண்ணால் அழைத்தும் மறைக்கப் பார்க்கிறது என்பது அவர் கண்டது. அந்தக் கட்டுரை இன்றைக்கும் படிக்கப்படுகிறது.

இந்த நிலைமைக்கு எல்லோரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: மாணவியை வேலையாள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், நிம்மதியாகப் படிக்க விடுங்கள். அமெரிக்காவில் 1950களிலிருந்து நர்ஸிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லூரிகளுக்குப் போனது. பிரிட்டனில் 'ப்ராஜெக்ட் 2000' என்ற திட்டம் 1986இல் முன்வைக்கப்பட்டு 1989இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாணவி வார்டில் இருப்பாள், ஆனால் டூட்டிப் பட்டியலின் தலைக்கணக்கில் பெரும்பாலும் சேர மாட்டாள்.

நியாயமான சீர்திருத்தம், மறுக்க முடியாது. ஆனால் படிப்பும் வேலையும் பிரிந்த இடத்தில்தான் பள்ளம் விழுந்தது. ஒருத்திக்கு ஒரு நோயாளி என்று பாடப்புத்தகப்படி கவனித்துப் பழகியவள், திடீரென்று பல நோயாளிகளோடும் கடிகாரத்தோடும் ஓட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் மார்லின் க்ரேமர் 1974இலேயே இதற்கு 'நிஜ அதிர்ச்சி' என்று பெயர் வைத்து ஒரு புத்தகம் எழுதிவிட்டார். புது நர்ஸ்கள் ஏன் தொழிலை விட்டே போகிறார்கள் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் கேள்வி. முதலில் எல்லாமே நன்றாகத் தெரியும் தேனிலவு, அடுத்து கோபமும் சோர்வுமாக அதிர்ச்சி, பிறகு மெல்லத் தேறுவது, கடைசியில் ஒரு சமாதானம் என்று அவர் படிகளை வரிசைப்படுத்தினார். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களில் அழுதுகொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பும் ஒரு பெண், அந்த வரிசையின் இரண்டாவது படியில் நிற்கிறாள். அவள் தோற்றுப்போகவில்லை.

பள்ளத்தின் மேல் ஒரு பலகை

1984இல் பட்ரீசியா பென்னர் இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். நர்ஸின் வளர்ச்சியில் ஐந்து நிலைகள் உண்டு. படித்து முடித்து வருகிறவள் இரண்டாம் நிலையில்தான் இருக்கிறாள், அதாவது கொஞ்சம் முன்னேறிய தொடக்கக்காரி. மூன்றாவதான 'தேர்ந்தவர்' நிலையை எட்ட ஒரே மாதிரியான பணியில் இரண்டு மூன்று வருடம் ஆகும். அனுபவசாலியைக்கூடப் பழக்கமில்லாத பிரிவில் கொண்டுபோய் விட்டால் அவரும் தொடக்கக்காரிதான்! பட்டம் வாங்கிய அன்றே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தவறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பிரிட்டனின் நர்ஸிங் ஒழுங்குமுறை அமைப்பு 1990இல் ஒரு வழி சொன்னது. புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் சில மாதங்கள் அனுபவமுள்ள ஒரு நர்ஸ் துணை நிற்க வேண்டும். அவருக்குப் பெயர் ப்ரிசெப்டர். 1999இல் வந்த இன்னொரு அறிக்கை, மாணவிகளுக்குச் செயல்முறைப் பயிற்சியை முன்கூட்டியே தொடங்கச் சொன்னது. வார்டை விட்டு ரொம்ப விலகிவிட்டோம், கொஞ்சம் திரும்புவோம் என்று ஒப்புக்கொண்டதாகவே அதை எடுத்துக்கொள்ளலாம்.

நம்ம ஊரில்

பிரிட்டிஷ் முறையின் தொடர்ச்சியாக மதராஸ் மாகாணத்திலும் 1926இல் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் படித்து முடித்தவர்கள் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். போட்டுக்கொள்ள முடியும்.

நம் நர்ஸிங் கல்லூரிகளில் படிப்பின் ஆரம்பத்திலேயே விளக்கேற்றும் விழா நடக்கும். வெள்ளைச் சீருடை, கையில் விளக்கு, நைட்டிங்கேல் உறுதிமொழி, கண் கலங்கும் பெற்றோர். (அந்த உறுதிமொழியை எழுதியது நைட்டிங்கேல் இல்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா க்ரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதியது.) உள்ளே நுழைவதற்கு இவ்வளவு பெரிய விழா! ஆனால் மாணவி என்ற நிழலை விட்டு, முழுப் பொறுப்போடு முதல் நைட் டூட்டிக்குப் போகும் நாளுக்கு எந்த விழாவும் இல்லை. நோயாளிகளுக்கும் வித்தியாசம் தெரியாது. இங்கிலாந்தில் 'சிஸ்டர்' என்பது வார்டுக்கே தலைவி. இங்கே முதல் வருட மாணவியும் சிஸ்டர்தான், முப்பது வருட அனுபவசாலியும் சிஸ்டர்தான்.

வித்தியாசம் தெரிய வேண்டியது கூட வேலை பார்க்கிறவர்களுக்கு. 1860இல் பயமில்லாமல் இருந்ததற்குக் காரணம் அந்தப் பெண்களின் தைரியம் மட்டுமில்லை, பக்கத்தில் எப்போதும் ஒரு வார்டு சிஸ்டர் இருந்தார். அந்தக் காலத்தின் சுரண்டல் திரும்ப வர வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற அந்த ஆள் திரும்ப வர வேண்டும். புதிதாக வந்த பெண் ஒரு மருந்தின் அளவை இரண்டாவது முறை கேட்டால், "இதுகூடத் தெரியாமலா படிச்சுட்டு வந்தே?" என்று சொல்லாத ஒரு சீனியர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருந்தால், இந்தப் பள்ளத்தில் பாதி தூர்ந்துவிடும். கேட்கப் பயந்து அவள் தப்பான அளவைக் கொடுத்துவிட்டால், அதன் விலையைக் கொடுக்கப்போவது படுக்கையில் இருப்பவர்.