பரணில் கிடக்கும் துப்பாக்கி

ஆர்க்காட்டுக்கும் வேலூருக்கும் இடைப்பட்டது நம் மேல்விஷாரம். 1806 ஜூலை 10 அன்று, கிளர்ச்சியை அடக்க ஆர்க்காட்டிலிருந்து வேலூருக்குக் குதிரைப்படை விரைந்தது. (புதிய தலைப்பாகையின் தோற்குஞ்சமும் கிளர்ச்சிக்கு ஒரு காரணம், தோல் பதனிடும் ஊரார் நாம் மறக்கலாகாது!) அன்றைய சிப்பாய்களின் துப்பாக்கிகள், குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிப்பவை.

அத்தகைய ஒன்று முன்னோர் உடைமையாக நம் கைக்கு வந்தால், முதலில் ஐயுற வேண்டியது குழலையே. இட்ட மருந்து இன்னும் உள்ளே கிடக்கலாம். மரக்குச்சியை உள்ளே செலுத்தி, சென்ற ஆழத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும். குறைந்தால் தோண்டிப் பார்க்கலாகாது, வல்லுநரிடமே விடவேண்டும்.

“பழம்பொருள்தானே, உரிமம் எதற்கு?” என்பார் பலர். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வெறும் பழமைக்கு விலக்களிக்கவில்லை. பழுதுபார்த்தாலும் சுட இயலாததாக இருத்தல் வேண்டும். துருவைத் துடைப்பதற்கு முன்பே காவல்நிலையத்தில் தெரிவித்துவிடுவோம்.